மூணு நாடா, ஒரு பாட்டு! ஷங்கர் - எஹ்சான் - லாய் எங்கேயிருந்து வந்தாங்க?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போற ரோட்டில் ஐயம்பேட்டையில் இறங்கி, நெசவாளர் தெரு ஒன்றுக்குள் நடந்து பாருங்க. முதலில் காதில் விழுவது தறிச்சத்தம்தான். மிதியை மிதிக்கிற சத்தம், நாடா ஓடுற சத்தம், பலகை வந்து அடிக்கிற சத்தம். மூணும் மாறி மாறி, ஒரே வேகத்தில். முகூர்த்த நாளாக இருந்தால் காலையில் மண்டபத்திலிருந்து நாதஸ்வரமும் தவிலும் கேட்கும். அதே மண்டபத்தில் ராத்திரி ரிசப்ஷன் என்றால் டிஜே வந்து ஸ்பீக்கரை ஏத்திடுவார்.

இப்படி ஒரு தெருவில் வளர்ந்த ஒருத்தர்கிட்ட, ‘மொபைல்ல பீட் எல்லாம் போடுறீங்களே, மியூசிக் டைரக்டர் ஆகலாமே’ன்னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ‘அதுக்கெல்லாம் மியூசிக் பேக்ரவுண்டு வேணுங்க. நம்ம வீட்ல யாருக்கும் அது கிடையாது.’

இந்த ‘பேக்ரவுண்டு’ங்கிற வார்த்தையைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறோம். அதுக்கு நமக்கு உதவப்போறது ரெண்டு டீம். ஒன்று மும்பை, இன்னொன்று இத்தாலி. ரெண்டிலும் மூணு மூணு பேர். அந்த மூணு பேரில் ஒருத்தருடைய பின்னணி இன்னொருத்தருக்குக் கிடையாது.

முதலில் ஒரு சேலைக் கணக்கு

காஞ்சிப் பட்டில் ‘கோர்வை’ சேலை என்று சொல்வாங்க. உடல் ஒரு கலர், ரெண்டு பக்கக் கரையும் வேற கலர். பார்க்கும்போது தனித்தனியாக நெய்து தைத்த மாதிரி இருக்கும். ஆனால் தையலே கிடையாது. தறியிலேயே கரை இழையும் உடல் இழையும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகும்.

இதுக்கு மூணு நாடா வேணும். இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. ஒரே ஆள் மூணையும் ஓட்டுவது கஷ்டம் என்பதால், கரைப் பக்கம் நாடா கொடுக்க இன்னொருத்தர் தறியில் கூட உட்காருவது வழக்கம். வீட்டில் மனைவியோ, பிள்ளையோ, கூலிக்கு வர்ற உதவியாளோ. ரெண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் போகணும். ஒருத்தர் பிந்தினால் கோர்வை பிசிறும்.

மூணு நாடாவும் ஒரே கலராக இருந்தால் இந்த வேலைக்கு அவசியமே இல்லை. கலர் வேற வேற என்பதால்தான் கோர்வை. இதை மனசில் வெச்சுக்கிட்டு மும்பைக்குப் போகலாம்.

முதல் நாடா: வீணை பிடித்த இன்ஜினீயர்

ஷங்கர் மகாதேவனை நமக்குத் தெரியும். பாலக்காட்டுப் பூர்வீகம் கொண்ட தமிழ்க் குடும்பம். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மும்பை செம்பூர். 5 வயதில் வீணை. பிறகு டி.ஆர்.பாலாமணியிடம் கர்னாடக சங்கீதம். இன்னொரு பக்கம் மராத்தி இசையமைப்பாளர் ஸ்ரீநிவாஸ் காளேயிடமும் பயிற்சி. வீட்டில் தமிழ், பாட்டில் தியாகராஜர், தெருவில் மராத்தி, ரேடியோவில் இந்தி. ஒரு சின்னப் பையன் காதுக்குள் இவ்வளவும் சேர்ந்து போயிருக்கு.

படித்தது என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங். நவி மும்பையில் உள்ள ராம்ராவ் ஆதிக் கல்லூரியில் 1988-ல் முடித்துவிட்டு, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலையும் பார்த்தார். பிறகுதான் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பாட வந்தார்.

1998-ல் ஜாவேத் அக்தர் எழுதிய ‘ப்ரெத்லெஸ்’ வந்தது. மூச்சே விடாமல் பாடுற மாதிரி அமைத்த பாட்டு. அடுத்து ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பாடிய ‘என்ன சொல்லப் போகிறாய்’ அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. தமிழ்ப் பாட்டுக்காக!

இரண்டாம் நாடா: ப்ளூஸ் கிடார்

எஹ்சான் நூரானியின் கதை வேற ரூட். ராக், ப்ளூஸ் கேட்டு வளர்ந்த மும்பைக் கிடாரிஸ்ட். 1980-களில் அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் கிடார் படித்துவிட்டு வந்தார். இப்போ மாதிரி யூடியூப் டுடோரியல் இல்லாத காலம். வெளிநாட்டு கேசட் ஒன்று கைக்குக் கிடைத்தால் தேயத் தேயக் கேட்டுக் கத்துக்கிட்டவங்கதான் அப்போ அதிகம்.

ப்ளூஸ் என்றால் என்ன? அமெரிக்காவில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் வயல் பாட்டு, கோயில் பாட்டு, அழுகை எல்லாவற்றிலிருந்தும் பிறந்த இசை. அதில் ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல், கம்பியை வளைத்து இழுத்துப் பிடிப்பாங்க. நம்ம கமகம் கேட்டுப் பழகினவங்களுக்கு அந்த இழுவை ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. ஷங்கர் தொண்டையில் செய்கிற வேலைக்கு எஹ்சானின் விரல் சட்டென்று பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கேட்டுப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்க.

மூன்றாம் நாடா: பியானோவும் சின்தசைசரும்

லாய் மென்டோன்ஸா டெல்லியிலிருந்து மும்பைக்கு வந்தவர். சின்ன வயசிலிருந்தே பியானோ. மேற்கத்திய கிளாசிக்கல், அதோடு ஜாஸ். கீபோர்டு, சின்தசைசர், எலெக்ட்ரானிக் சத்தங்கள் எல்லாம் அவர் ஏரியா. டெல்லியில் டி.வி நிகழ்ச்சிகளுக்கு டைட்டில் இசை போட்டவர்.

நம்ம சங்கீதத்தில் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் முன்னால் நிற்கும், மெலடிதான் ராஜா. மேற்கத்திய இசையில் மூணு, நாலு ஸ்வரத்தை ஒன்றாக அழுத்தி ஒரு ‘கார்டு’ ஆக்குவாங்க. ஒரே மெட்டுக்குக் கீழே கார்டை மாற்றினால் பாட்டின் மூடே மாறிடும். சந்தோஷமான வரி சட்டென்று ஏக்கமாகக் கேட்கும். ஷங்கர் பாடுற மெட்டுக்கு அடியில் எந்தக் கலரை விரிப்பது என்கிற வேலைக்கு லாயின் பயிற்சி அப்படியே பொருந்தியது.

30 செகண்ட் பள்ளிக்கூடம்

மூணு பேரும் எங்கே சேர்ந்தாங்க? விளம்பர ஜிங்கிள் உலகத்தில். சோப்பு, பிஸ்கட், பைக் என்று டி.வி-யில் ஓடுகிற அந்தச் சின்னச் சின்னப் பாட்டுகள்.

ஜிங்கிளை லேசாக நினைக்காதீங்க. 30 செகண்டில் ஆரம்பிக்கணும், மனசில் ஒட்டணும், பொருளின் பெயரைச் சொல்லணும், முடிக்கணும். காலையில் நாட்டுப்புற மெட்டு கேட்பாங்க, மதியம் ராக், சாயங்காலம் டான்ஸ். ‘இது என் ஸ்டைல் இல்லை’ன்னு சொன்னால் அடுத்த வேலை வராது. சபாவும் கான்சர்வேட்டரியும் சொல்லித் தராத பாடம் இது.

டைரக்டர் முகுல் ஆனந்தின் ‘தஸ்’ படத்துக்காகத்தான் மூணு பேரும் ஒரு டீமாக சினிமாவுக்குள் வந்தாங்க. ஆனால் 1997-ல் முகுல் ஆனந்த் இறந்துபோக, படம் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் பிறகு ஆல்பமாக வந்தது. முதல் படமே பாதியில் நின்ற ஒரு டீம், அதோடு கலைந்துபோயிருக்கலாம். கலையவில்லை. 2000-ல் ‘மிஷன் காஷ்மீர்’, 2001-ல் ‘தில் சாத்தா ஹை’. ரெண்டாவது படத்தின் பாட்டுகள் அந்தக் காலத்து காலேஜ் ஹாஸ்டல்களையே புரட்டிப் போட்டது. 2003-ல் வந்த ‘கல் ஹோ நா ஹோ’வுக்குச் சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருது.

தமிழுக்கும் வந்தாங்க. 2001-ல் கமல்ஹாசனின் ‘ஆளவந்தான்’, 2013-ல் ‘விஸ்வரூபம்’. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றில் ராக் கிடார் உறுமும், இன்னொன்றில் கதக் ஆட்டத்துக்கான ஜதி தெறிக்கும். ரெண்டுமே அதே மூணு பேர்தான்.

‘கல் ஹோ நா ஹோ’வில் ஒரு டிஸ்கோ பாட்டு இருக்கு. அதைப் பாடிய நாலு பேரில் லாயும் ஒருத்தர். கீபோர்டுக்குப் பின்னால் நிற்பவர் முன்னால் வந்து பாடுவார், பாடுபவர் பின்னால் போய் மெட்டுப் போடுவார். தறியில் இடம் மாறி உட்கார்ற மாதிரி.

இப்போ இத்தாலிக்கு ஒரு ட்ரிப்

அதே மாதிரி ஒரு மூவர் கூட்டணி இத்தாலியில் இருந்தது. பெயர் ‘பிளாக் பாக்ஸ்’. டானியேல் டாவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்ளிச்சி. இவங்க பின்னணியைப் பாருங்க. டாவோலி கிளப்பில் ரெக்கார்டு போடுற டிஜே. லிமோனி கீபோர்டிலும் எலெக்ட்ரானிக் இசையிலும் கில்லாடி. செம்ப்ளிச்சி? முறையாகக் கிளாசிக்கல் படித்து, கிளாரினெட் சொல்லித் தருகிற வாத்தியார்!

ஒரு கிளாரினெட் வாத்தியாருக்கு டான்ஸ் ஃப்ளோரில் என்ன வேலை என்று தோணுதா? அதுக்கு ‘ஹவுஸ்’ மியூசிக் என்றால் என்னன்னு தெரியணும்.

ஹவுஸ் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோவில், 1980-களின் ஆரம்பத்தில். அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்று ஒரு கிளப். அதில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே. அந்த கிளப் பெயரிலிருந்துதான் ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது என்பாங்க. கறுப்பின, லத்தீன் இளைஞர்களும், வெளியே மரியாதை கிடைக்காத தன்பாலீர்ப்பு இளைஞர்களும் நிம்மதியாக ஆடுவதற்கு வந்த இடம் அது. பழைய டிஸ்கோ ரெக்கார்டுகளோடு டிரம் மெஷினைக் கலந்து, பாட்டு நிற்காமல் ஓடுற மாதிரி செய்தாங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். கையால் தொடையில் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று தட்டுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘டும்’. ஒரு டும்முக்கும் அடுத்த டும்முக்கும் நடுவில் ஒரு ‘ட்ஸ்’. நிமிஷத்துக்குச் சுமார் 120-லிருந்து 130 டும். அவ்வளவுதான் எலும்புக்கூடு. நம்ம தாளத்தில் அரை இடம் தள்ளி எடுப்பு வைக்கும்போது ஒரு துள்ளல் வரும் இல்லையா? அந்த ‘ட்ஸ்’ செய்கிற வேலையும் கிட்டத்தட்ட அதேதான்.

இத்தாலிக்காரங்க இதுக்கு மேலே பியானோவைப் போட்டாங்க. தட்டித் தட்டி அடிக்கிற சந்தோஷமான பியானோ கார்டுகள். 1988-ல் வந்த கோர்க் எம்1 கீபோர்டின் பியானோ சத்தம் அந்த வகைப் பாட்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும். ஜனம் எதுக்கு ஆடும்னு டிஜேவுக்குத் தெரியும். மெஷினுக்குள்ளிருந்து எப்படிச் சத்தத்தை எடுக்கணும்னு கீபோர்டுக்காரருக்குத் தெரியும். ஸ்வரம், ஸ்தாயி, ஒன்றோடு ஒன்று சேருமா சேராதா என்பது கிளாரினெட் வாத்தியாருக்குத் தெரியும். மூணு நாடா!

1989-ல் இவங்க வெளியிட்ட ‘ரைடு ஆன் டைம்’ பிரிட்டனில் 6 வாரம் நம்பர் ஒன். அந்த வருஷம் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான்.

சந்தோஷமான கதைதானே? இங்கேதான் ஒரு கேள்வி வருது.

அந்தக் குரல் யாருடையது?

அந்தப் பாட்டை ஞாபகத்தில் நிறுத்தியது ஒரு பெண்ணின் குரல். வீடியோவிலும் டி.வி மேடையிலும் அதற்கு வாயசைத்தவர் கேத்ரின் கினோல் என்ற மாடல். ஆனால் குரல் அவருடையது இல்லை. அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவே 1980-ல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்த குரல் அது. ‘சாம்பிளிங்’ என்பது இதைத்தான். எழுதியவர் டேன் ஹார்ட்மேன்.

பெரிய சிக்கல் ஆனது. தன் குரல் உலகம் முழுக்க ஓடுது, திரையில் வேற ஒருத்தர் நிற்கிறார் என்பதை ஹாலோவே சும்மா விடவில்லை. சட்டரீதியாக மோதி, கடைசியில் சமரசமாகிப் பணம் பெற்றார். ஹெதர் ஸ்மால் என்ற பாடகியை வைத்து குரலை மறுபடி பதிவு செய்த வெர்ஷனும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1990-ல் வந்த அவங்க ‘ட்ரீம்லேண்ட்’ ஆல்பத்தின் பெரும்பாலான ஹிட்களைப் பாடியவர் மார்த்தா வாஷ். ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. வீடியோவில் மறுபடியும் அதே மாடல். அதே சமயத்தில் இன்னொரு அமெரிக்க டான்ஸ் குழுவின் பாட்டிலும் மார்த்தா பாட, வீடியோவில் வேறொரு பெண் வாயசைத்தார். மார்த்தா வழக்குப் போட்டார். அவர் நடத்திய சண்டைக்குப் பிறகுதான், குரல் கொடுத்தவர் பெயரைச் சரியாகப் போடணும் என்ற வழக்கம் அமெரிக்க இசைத்துறையில் வலுவானது.

இப்போ மும்பை டீமின் பெயரைத் திரும்பப் படிங்க. ஷங்கர் - எஹ்சான் - லாய். மூணு பேர், மூணு பெயர். கம்பெனிப் பெயர் இல்லை, முகமூடி இல்லை. எந்தப் படத்தில் யார் பங்கு அதிகம், யார் பங்கு குறைவு என்ற பேச்சே வெளியே தெரியாமல் எல்லாப் பாட்டிலும் மூணு பெயரும் சேர்ந்தே வருது. 25 வருஷத்துக்கு மேல் ஒரு டீம் உடையாமல் நிற்பதுக்கு இதுவும் ஒரு காரணம் இல்லையா?

நம்ம ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு

2021-ல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை உலகமே கேட்டது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, தீயும் அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையும் அவங்க தலைமுறையின் நிலமற்ற வலியும் அந்தப் பாட்டில் இருக்கு. சில மாசம் கழித்து ஒரு இசை இதழின் அட்டைப்படத்தில் அறிவு இல்லாததைப் பார்த்துப் பலரும் கேள்வி எழுப்ப, இதழ் பிறகு அறிவை வைத்தும் ஒரு அட்டை வெளியிட்டது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மறுபடியும் விவாதம். யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது, யாருக்கு எவ்வளவு உரிமை என்று ஒவ்வொருத்தரும் தங்கள் பக்கத்தை வெளிப்படையாகச் சொன்னாங்க.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் நண்பர்கள் சேர்ந்து செய்கிற பாட்டு ஹிட்டான பிறகு பெயர் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அது காட்டியது. ஹிட் ஆகும் முன்னாடியே பேசிடணும்.

சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை இருக்கு. 2012-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று அது சொல்லுது. பாடியவரும் வாசித்தவரும் ‘இது நான் செய்தது’ன்னு பெயர் கேட்கிற உரிமையும் அதில் இருக்கு. இந்தத் திருத்தத்துக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? ‘ப்ரெத்லெஸ்’ எழுதிய அதே ஜாவேத் அக்தர்.

சரி, நம்ம பேக்ரவுண்டு என்ன?

ஐயம்பேட்டைக்குத் திரும்புவோம். ‘நம்ம பக்கம் மியூசிக் இல்லை’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பெயர் சொல்றேன். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934 வரை வாழ்ந்தவர். தாளத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர் வாங்கியவர். அவர் கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்பாங்க. வயலின், மிருதங்கத்தோடு நிற்காமல் கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லயக்காரர்களை உட்கார வைத்துப் பாடுவார். யோசிச்சுப் பாருங்க. ஸ்பீக்கரும் டிரம் மெஷினும் இல்லாத காலத்தில், கூட்டத்தைத் தாளத்தாலேயே கட்டிப் போட்டவர் நம்ம காஞ்சியில் இருந்திருக்கார். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த காஞ்சிப் பெண்தான் டி.கே.பட்டம்மாள்.

இன்னொரு பெயர், சரண்ஜித் சிங். மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்த கலைஞர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷினையும் டிபி-303 பேஸ் மெஷினையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ஆல்பம் செய்தார். அப்போ யாரும் கண்டுக்கவில்லை. அதே டிபி-303 மெஷினை முறுக்கி சிகாகோ இளைஞர்கள் ‘ஆசிட் ஹவுஸ்’ உருவாக்கியது அதுக்குச் சில வருஷம் கழித்து. 2010-ல் அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது, ‘இதை இந்தியாவில் ஒருத்தர் முன்னாடியே செய்துட்டாரா’ன்னு வெளிநாட்டு டிஜேக்கள் ஆச்சரியப்பட்டாங்க. ராகம் தெரிந்த கைக்கு மெஷின் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுக்கு அவர் ஒரு சாட்சி.

2024-ல் ஷங்கர் மகாதேவனுக்கு கிராமி கிடைத்ததும் இப்படி ஒரு கலவைக்குத்தான். ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம். பிரிட்டிஷ் கிடாரிஸ்ட் ஜான் மெக்லாலின், தபலா ஜாகிர் உசேன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ். நயினாப் பிள்ளை மேடையில் உட்கார்ந்திருந்த அதே கஞ்சிரா, கிராமி மேடை வரைக்கும் போயிருக்கு.

ஆக, பேக்ரவுண்டு என்பது சர்டிஃபிகேட் மட்டும் இல்லை. காதில் என்ன விழுந்து வளர்ந்தோம், கைக்கு என்ன பழகியிருக்கு என்பதும்தான். அதுக்காகப் பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இந்த ரெண்டு டீமிலும் பல வருஷம் உட்கார்ந்து படித்தவங்க இருக்காங்க. ஒருத்தருக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கணும் என்கிற கட்டாயம் இல்லை என்பதுதான் விஷயம்.

டீம் சேர்க்கப் போறீங்களா?

* உங்களை மாதிரியே இன்னொருத்தரைத் தேடாதீங்க. நீங்க பீட் போடுறவர் என்றால் தவில் கத்துக்கிட்டவர், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், பஜனையில் பாடுறவர் என்று வேற வேற ஆளைப் பாருங்க.

* ஸ்டூடியோ பற்றி முதலில் கவலைப்படாதீங்க. மொபைலில் ஒரு ரெக்கார்டர், இலவச மியூசிக் ஆப் ஒன்று போதும். ‘30 செகண்ட் ஜிங்கிள்’ பயிற்சியை எடுத்துக்கங்க. தெருமுனை டீக்கடைக்கு ஒன்று, பக்கத்து மளிகைக் கடைக்கு ஒன்று. வாரத்துக்கு ஒன்று முடிக்கணும். பாதியில் விடக் கூடாது.

* உங்க தெருச் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. தறிச்சத்தத்தை லூப் ஆக்கி, அதோட வேகத்துக்கே கிக் போட்டுப் பாருங்க. ஆனால் பதிவு பண்றதுக்கு முன்னாடி தறியில் இருக்கிறவங்ககிட்ட கேட்டுடுங்க.

* அடுத்தவர் பாட்டிலிருந்து குரலை வெட்டி எடுக்கிறீங்களா? ரெண்டு அனுமதி வேணும். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவங்க உரிமை ஒன்று. அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் உரிமை இன்னொன்று. ‘5 செகண்ட்தானே, ஓகே’ என்று வாட்ஸ்அப்பில் சுத்துகிற விதி எதையும் நம்பாதீங்க.

* பாட்டை வெளியிடும் முன், ஒரு பேப்பரில் எழுதுங்க. மெட்டு யார், வரிகள் யார், பீட் யார், குரல் யார், வர்ற பணத்தில் யாருக்கு எத்தனை சதவிகிதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கங்க. நண்பனை நம்பாமல் செய்கிற வேலை இல்லை இது. நட்பு நிலைக்கணும் என்பதுக்காகச் செய்கிற வேலை.

* அப்லோடு பண்ணும்போது கிரெடிட் பகுதியைக் காலியாக விடாதீங்க. கோரஸ் பாடிய தங்கச்சி பெயர் உட்பட.

கடைசியாக ஒரு விஷயம். ஐயம்பேட்டையில் நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்த கோர்வைச் சேலை, ஏதோ ஒரு ஊர் ஷோரூமில் விற்பனைக்கு வரும்போது அதன் பெட்டியில் கடையின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா கொடுத்தவர் பெயர் சுத்தமாக இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, வேலை ஒருத்தருடையது, பெயர் இன்னொருத்தருடையது என்பது எப்படி இருக்கும் என்று யாரும் இத்தாலியிலிருந்து வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வாரம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ‘தில் சாத்தா ஹை’, ‘விஸ்வரூபம்’ ரெண்டையும் ஒருமுறை கேளுங்க. முதல் தடவை குரலை மட்டும், ரெண்டாவது தடவை கிடாரை மட்டும், மூணாவது தடவை கீபோர்டை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. அப்புறம் உங்க டீமில் எந்த நாடா குறையுதுன்னு யோசிங்க. அந்த ஆள் ரெண்டு தெரு தள்ளித்தான் இருப்பார். போய்க் கூப்பிடுங்க!